வருஷக் கணக்கும் நிர்வாக நலனும்

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையனுக்குக் காவலர் வேலை கிடைத்திருக்கிறது. மண்ணூரில் இப்போதெல்லாம் பையன்கள் படிப்பை முடித்ததும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் சாலையில் நிற்பதுதான் வழக்கம். இவன் விடாமல் ஓடிப் பழகி, தேர்வு எழுதி, இரண்டாம் நிலைக் காவலராகத் தேறிவிட்டான். பயிற்சி முடிந்து ஆவடி பட்டாலியனில் போட்டிருக்கிறார்கள். அவன் அப்பா லட்டுப் பெட்டியோடு வந்தார். நான் காவல்துறை அமைச்சுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பையன் என்னிடம் நேராகவே கேட்டான்: "தாத்தா, எனக்கு எப்போ ஏட்டு வரும்?"

நான் விரல் விட்டுச் சொன்னேன். நான் ஓய்வு பெறும்போது இருந்த கணக்கு இதுதான். சேர்ந்து 10 வருஷத்தில் முதல் நிலைக் காவலர். 15 வருஷத்தில் தலைமைக் காவலர், அதாவது ஏட்டு. 25 வருஷத்தில் சிறப்பு உதவி ஆய்வாளர், தோளில் நட்சத்திரம். நடுவில் தேர்வு எழுதினால் நேரடி எஸ்.ஐ. தேர்வில் துறைக்காரர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு, அதிலும் போகலாம்.

"அவ்வளவு வருஷமா?" என்று முகத்தைச் சுளித்தான்.

அவனுக்குப் பத்தும் பதினைந்தும் நீளமாகத் தெரிகிறது. ஆனால் அந்த எண்கள் எழுதப்படாத காலத்தில் எத்தனை பேர் காவலராகச் சேர்ந்து காவலராகவே வீட்டுக்குப் போனார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். என் பங்கும் அதில் கொஞ்சம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. நம் சென்னை மாகாணப் போலீஸ் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் உருவானது. அதற்கு நான்கு வருஷம் முன்பு, 1855-ல், வரி வசூலிக்கிறேன் என்று வருவாய்த்துறை ஆட்களும் அந்தக் காலத்துக் காவல் ஆட்களும் குடியானவர்களைச் செய்த சித்திரவதை பற்றி ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகுதான் வருவாய் வேலையையும் காவல் வேலையையும் பிரித்து, தனியாக ஒரு போலீஸ் படை அமைத்தார்கள். வில்லியம் ராபின்சன் முதல் ஐ.ஜி. இரண்டு வருஷம் கழித்து 1861-ல் இந்தியா முழுமைக்கும் போலீஸ் சட்டம் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. லண்டன் மாநகரில் ராபர்ட் பீல் 1829-ல் போலீஸ் தொடங்கியபோது, மேலதிகாரிகளைக் கீழிருந்தே எடுக்க வேண்டும் என்று கொள்கை வைத்தார். சாதாரணக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவன் படிப்படியாக ஏறலாம். நமக்குக் கொடுத்த மாதிரி அது இல்லை. நமக்கு அயர்லாந்து மாதிரி. அங்கே படை வேறு, அதை நடத்தும் துரைமார் வேறு. கீழே இருப்பவன் கீழேயே இருப்பான், மேலே இருப்பவன் மேலேயே வந்து இறங்குவான்.

1902-ல் கர்சன் பிரபு, ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் ஒரு போலீஸ் கமிஷன் போட்டார். இந்தக் கமிஷன் காவல்துறையைப் பற்றி மிகக் கடுமையாகவே எழுதியது. பரிகாரமாகச் சொன்னதில் ஒன்று, சப் இன்ஸ்பெக்டர்களைப் படித்த குடும்பத்துப் பிள்ளைகளில் இருந்து நேரடியாக எடுக்க வேண்டும் என்பது. இந்தியர்களுக்கென்று டெபுடி சூப்பரின்டென்டென்ட் என்ற பதவியையும் இந்தக் கமிஷன்தான் பரிந்துரைத்தது. அதற்கு மேலே லண்டனில் பரீட்சை எழுதி வரும் வெள்ளைக்காரர்கள். முதல் உலகப் போருக்குப் பிறகுதான் அந்த மேல்படிக்கும் இந்தியர்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

மேலே இந்தியர்களுக்கு ஒரு கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் அதே கமிஷனால் கீழே ஒரு கதவு அநேகமாகச் சாத்தப்பட்டுவிட்டது. எஸ்.ஐ. வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வர ஆரம்பித்ததும், ஏட்டாக இருந்தவர் மேலே போக மிகச் சிறிய இடமே மிச்சம் இருந்தது. கான்ஸ்டபிள், ஏட்டு, அத்தோடு சரி. இந்த அமைப்பு வெள்ளைக்காரன் போன பிறகும் பெரிதாக மாறவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் கண்ணால் பார்த்ததும் அதுதான்.

நான் ஒரு மாவட்டக் காவல் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். மாறுதல், பதவி உயர்வு, தண்டனை எல்லாம் பார்க்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள். காவலர்களின் பணிமூப்புப் பட்டியல் மாவட்டத்துக்கு மாவட்டம் தனி. அந்தந்த மாவட்டத்தில் காலியிடம் எத்தனையோ அத்தனை பேருக்கு ஏட்டு. ஒரே நாளில் ஒரே மைதானத்தில் உறுதிமொழி எடுத்த இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து மாவட்டத்துக்குப் போனால், ஒருவர் ஏழெட்டு வருஷம் முன்னாலேயே ஏட்டாகிவிடுவார். மற்றவர் பட்டியலைப் பார்த்தபடியே தலை நரைப்பார். பட்டியல் போடும் நேரத்தில் ஒரு 3(பி) சார்ஜ் நிலுவையில் இருந்தால் பெயர் தள்ளிப்போகும். சார்ஜ் கடைசியில் ஒன்றுமில்லை என்று முடிந்தாலும், தள்ளிப்போன வருஷத்துக்கு யார் பதில் சொல்வது?

இந்தக் குமுறல் நம் ஊரில் மட்டும் இல்லை. 1973-ல் உத்தரப் பிரதேசத்தில் மாநில ஆயுதப் போலீஸ் கிளர்ச்சி செய்து, ராணுவம் வந்து அடக்க வேண்டியதாயிற்று. அந்தச் சூட்டில் முதலமைச்சர் கமலாபதி திரிபாதி பதவி விலகினார். 1979-ல் பஞ்சாபில் தொடங்கிய காவலர் போராட்டம் பல மாநிலங்களுக்குப் பரவியது. மத்தியப் படைகளிலும் தீ பற்றியது. பொகாரோவில் தொழிற்பாதுகாப்புப் படையினரை அடக்க ராணுவம் போய், உயிர்கள் போயின. அதே வருஷம் தமிழ்நாட்டிலும் காவலர்கள் இறங்கினார்கள். நம் வயதுக்காரர்களுக்குக் காவலர் சங்கம் என்றதும் நயினார் தாஸ் என்ற பெயர் நினைவுக்கு வரும். சீருடைக்காரர்கள் சங்கம் வைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. மில் தொழிலாளி வேலை நிறுத்தம் செய்யலாம், ஆசிரியர் ஊர்வலம் போகலாம். அந்த ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து போகிறவன் மட்டும் வாய் திறக்கக் கூடாது. அதனால்தான் அவன் திறந்தபோது சத்தம் பெரிதாக வந்தது.

இதற்கிடையே 1977 நவம்பரில் ஜனதா அரசு, தர்ம வீரா தலைமையில் தேசிய போலீஸ் கமிஷன் அமைத்திருந்தது. சி.பி.ஐ. இயக்குநராக இருந்த சி.வி.நரசிம்மன் அதன் உறுப்பினர் செயலர். 1979-லிருந்து 1981 வரை எட்டு அறிக்கைகள் கொடுத்தார்கள். முதல் அறிக்கையிலேயே கீழ்நிலைக் காவலரின் சம்பளம், வீடு, மேலதிகாரி வீட்டில் ஆர்டர்லி வேலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அது வந்த அதே வருஷத்தில் தமிழ்நாடு அரசு ஆர்டர்லி முறையை ஒழித்து ஆணை போட்டது. 1981-ல் காவலர் வீட்டு வசதிக் கழகம் வந்தது. ஆர்டர்லி ஆணை எவ்வளவு தூரம் நடந்தது என்று கேட்காதீர்கள். 43 வருஷம் கழித்து 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 1979 ஆணையையே எடுத்துக் காட்டி, அதிகாரிகள் வீடுகளில் இருக்கும் ஆர்டர்லிகளைத் திரும்பப் பெறுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

கமிஷன் கேட்ட எல்லாம் நடக்கவில்லை. ஆனால் கீழ்நிலைக் காவலர் வேலையிலும் காலத்துக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வேர் பிடித்தது. காலியிடம் இருக்கிறதோ இல்லையோ, இத்தனை வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தால் அடுத்த நிலை என்று பிற்பாடு வந்த ஏற்பாடுதான், நான் அந்தப் பையனுக்கு விரல் விட்டுச் சொன்ன 10, 15, 25. இதில் திறமைக்கு என்ன மரியாதை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். சோம்பேறிக்கும் பத்து வருஷம், உழைப்பவனுக்கும் பத்து வருஷம் என்றால் எப்படி?

இதற்கு என் பதில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில்: திறமையை யார் அளப்பது? அளக்கிறவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? காவலர்கள் எப்போது பார்த்தாலும் வருஷக் கணக்கைக் கேட்டதற்குக் காரணம் சோம்பேறித்தனம் கிடையாது. சிபாரிசுக் கடிதத்தால் தொட முடியாத அளவுகோல் அது ஒன்றுதான். சேர்ந்த தேதியை எந்த எம்.எல்.ஏ.வும் போன் போட்டு மாற்ற முடியாது.

வீரத்துக்குக் கொடுத்த உயர்வும் உண்டு. 2004 அக்டோபர் 18-ஆம் தேதி வீரப்பன் கொல்லப்பட்ட பிறகு, அதிரடிப் படையைச் சேர்ந்த 752 பேருக்கு ஒரு படி பதவி உயர்வும், வீட்டுமனையும், மூன்று லட்சம் ரூபாயும் அரசு அறிவித்தது. காட்டில் வருஷக்கணக்காகக் கிடந்தவர்களுக்கு அது தகும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனாலும் அந்தச் சமயம் அலுவலகத்துக்கு வந்த சில காவலர்கள் முகம் நினைவிருக்கிறது. "எங்களையும் அந்தப் படைக்கு அனுப்பியிருந்தா நாங்களும் காட்டுல கிடந்திருப்போம். அனுப்பினது நாங்களா?" என்றார் ஒருவர். யோசித்தால் உண்மைதான். நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே 1991 மே 21-ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தியோடு எத்தனை காவலர்கள் மாண்டார்கள். கண்காணிப்பாளர் முகமது இக்பால், ஆய்வாளர் ராஜகுரு, சாதாரணக் காவலர்கள். அந்த மேடைப் பக்கம் யார் நிற்பது, சாலை முனையில் யார் நிற்பது என்பதை ஒரு பந்தோபஸ்து பட்டியல் தீர்மானித்தது. காவலன் எங்கே நிற்கிறான் என்பது அவன் கையில் இல்லை.

அதனால்தான் பதவி உயர்வை மட்டும் பேசினால் போதாது, மாறுதலைப் பேச வேண்டும். பதவி உயர்வுக்குக் கடைசியில் ஒரு வருஷக் கணக்கு வந்தது. மாறுதலுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. ஆகவே கோபம், பழி, பேரம் எல்லாம் அந்த வழியாகவே போயின.

மாறுதல் ஆணையில் இரண்டே இரண்டு வார்த்தை வகைகள்தான். ஒன்று 'நிர்வாக நலன் கருதி'. மற்றது 'சொந்த விருப்பத்தின் பேரில்'. படிப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எங்களுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நிர்வாக நலன் என்றால் பயணப்படி உண்டு, பணிமூப்பு கூடவே வரும். சொந்த விருப்பத்தில் வேறு மாவட்டம் போனால் படியும் கிடையாது, பணிமூப்பும் போகும். புது மாவட்டத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் கீழே கடைசிப் பெயராக எழுதுவோம்.

1986 என்று நினைவு. ஒரு முதல் நிலைக் காவலர். எனக்கு அண்ணன் வயது. ஏட்டுப் பட்டியலில் அவர் பெயர் அடுத்த தடவை வந்துவிடும் என்ற நிலை. ஒரு ராத்திரி ரோந்தில் ஏரி மண் ஏற்றிய லாரியைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார். விடச் சொல்லி ஆள் வந்தது. "எழுதியாச்சுங்க, இனிமே கோர்ட்லதான்" என்று சொல்லிவிட்டார். பத்தே நாளில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தெற்கே முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாவட்டம். நான்தான் தட்டச்சு செய்தேன். நிர்வாக நலன் கருதி.

பாஸ்போர்ட் வாங்க வந்தார். வெளியூர் போகும் காவலருக்குக் கொடுக்கும் வழிச்சீட்டுக்கு எங்கள் துறையில் அதுதான் பெயர். "தம்பி, நான் இங்க இருந்தா நிர்வாகத்துக்கு என்ன கெட்டுப்போகுது?" என்று கேட்டார். "அப்படிப் போடறதுதான் வழக்கம் அண்ணே" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வந்தார். அவருடைய அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. திரும்பி வர வேண்டும். அனுப்பியவர்கள் தாமாக அழைக்கப் போவதில்லை. மனு கொடுத்தால் உண்டு. மனு கொடுத்தால் அது சொந்த விருப்பம். பணிமூப்பு கோர மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உறுதிமொழியையும் நான்தான் தட்டச்சு செய்தேன். பேனாவையும் நான்தான் நீட்டினேன். கையெழுத்துப் போடும்போது அவர் கை நடுங்கவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அரசாங்கம் தன் நலனுக்காக அனுப்பிய மனிதர், தன் விருப்பத்துக்காக வந்தவராகத் திரும்பினார். அவர் பீட் புத்தகம் எழுதச் சொல்லிக் கொடுத்த பையன்கள் அவருக்கு முன்னால் ஏட்டானார்கள். அவர் அவர்களுக்கு சல்யூட் அடித்தார். விதி எதையும் நாங்கள் மீறவில்லை. ஒவ்வொரு காகிதமும் சரியாக இருந்தது. இதை நான் இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இது ஏதோ ஒரு அலுவலகத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். தேசிய போலீஸ் கமிஷன் தன் இரண்டாவது அறிக்கையில் இதைத்தான் பேசியது. காவல்துறையை வளைக்க அரசியல்வாதி கையில் இருக்கும் கருவி மாறுதல் பயமுறுத்தல் என்று வெளிப்படையாகச் சொல்லி, மேலதிகாரிகளுக்கு நிலையான பதவிக்காலமும், மாநிலப் பாதுகாப்பு ஆணையமும் வேண்டும் என்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது. பதினைந்து வருஷம் தூங்கியது.

1996-ல் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங், அந்த அறிக்கையை நடைமுறைப்படுத்தக் கோரி உச்ச நீதிமன்றம் போனார். உத்தரப் பிரதேசத்தில் டி.ஜி.பி.யாகவும், எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவராகவும் இருந்தவர். பத்து வருஷம் கழித்து, 2006 செப்டம்பர் 22-ஆம் தேதி தலைமை நீதிபதி சபர்வால் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. ஏழு கட்டளைகள். அதில் நம் பேச்சுக்கு வேண்டியவை மூன்று.

ஒன்று, டி.ஜி.பி.யை மத்தியத் தேர்வாணையம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் மூத்த மூன்று பேரில் ஒருவராகத்தான் மாநிலம் நியமிக்க வேண்டும். ஓய்வு வயது எப்போது வந்தாலும் குறைந்தது இரண்டு வருஷம் பதவிக்காலம். இரண்டு, மண்டல ஐ.ஜி., சரக டி.ஐ.ஜி., மாவட்ட எஸ்.பி., காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, இவர்களுக்கும் குறைந்தது இரண்டு வருஷம். மூன்று, போலீஸ் எஸ்டாபிளிஷ்மென்ட் போர்டு என்று ஒரு குழு. டி.ஜி.பி.யும் நான்கு மூத்த அதிகாரிகளும் இருப்பார்கள். டி.எஸ்.பி.யும் அதற்குக் கீழே உள்ளவர்களும் எங்கே மாறுவது, எப்போது உயர்வது எல்லாம் அந்தக் குழு முடிவு செய்யும். அரசு குறுக்கிட்டால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

தீர்ப்பு வந்த அன்று அலுவலகத்தில் நாங்கள் அதைப் பற்றியே பேசினோம். காரணத்தை எழுத வேண்டும் என்ற அந்த ஒரு வரிக்காகவே அதை நான் பெரிய தீர்ப்பு என்பேன். 'நிர்வாக நலன்' என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாதல்லவா? தமிழ்நாட்டில் 2013-ல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பாதுகாப்பு ஆணையம், குழு, பதவிக்காலம் எல்லாம் சட்டத்தில் ஏறின. ஆனால் பல மாநிலங்களைப் போல இங்கும் பழைய வழக்கம் லேசில் விடவில்லை. தேர்தல் முடிந்து ஆட்சி மாறினால் எஸ்.பி.க்கள் கூட்டமாக மாறுவதை நாம் பேப்பரில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இந்தத் தீர்ப்பு மேலே இருந்தவர்களுக்குச் சீக்கிரம் பயன்பட்டது. 2010 ஜனவரியில் லத்திகா சரண் தமிழ்நாட்டின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார். அதற்கு நான்கு வருஷம் முன்பு சென்னையின் முதல் பெண் கமிஷனரும் அவரே. மூத்த அதிகாரி ஆர்.நடராஜ், தேர்வாணையப் பட்டியல் முறைப்படி நியமனம் நடக்கவில்லை என்று வழக்கு போட்டார். அதே வருஷம் அக்டோபரில் உயர் நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது. அவர் தகுதியற்றவர் என்று அதற்கு அர்த்தம் இல்லை, வழிமுறை தவறியது என்பதுதான். பிறகு தேர்வாணையத்தின் பட்டியல் வாங்கி, அதிலிருந்து அவரையே அரசு மறுபடி நியமித்தது. ஆள் மாறவில்லை, வழி மாறியது. அந்த வழிதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

2018-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், பொறுப்பு டி.ஜி.பி. என்று யாரையும் வைக்கக் கூடாது, இருப்பவர் ஓய்வு பெற மூன்று மாதம் முன்பே பட்டியல் அனுப்ப வேண்டும் என்றது. ஆனாலும் 2025 ஆகஸ்ட் 31-ல் சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றபோது ஜி.வெங்கடராமன் பொறுப்பாகத்தான் பதவி ஏற்றார். அந்த விவகாரமும் நீதிமன்றம் போனது.

டி.ஜி.பி. நாற்காலிக்கு வக்கீல் உண்டு, பேப்பரில் செய்தி உண்டு. முதல் நிலைக் காவலருக்கு? அவருக்கும் வழி இல்லாமல் இல்லை. 1988-ல் அரசு ஊழியர்களுக்கென்று மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் வந்தது, அதை மூடிய பிறகு உயர் நீதிமன்றம். போனவர்கள் உண்டு, ஜெயித்தவர்களும் உண்டு. ஆனால் போனவருக்கு ஸ்டேஷனில் 'கோர்ட்டுக்குப் போனவன்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றும் பாருங்கள். அந்த இரண்டு வருஷப் பதவிக்காலக் கட்டளை நிலையப் பொறுப்பு அதிகாரியோடு நின்றுவிடுகிறது. அவருக்குக் கீழே இருக்கும் ஏட்டுக்கும் காவலருக்கும் இல்லை. ராத்திரியில் லாரியை நிறுத்துவது அவர்கள்தான்.

நம் பக்கம் இது இன்னும் முக்கியமாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததிலிருந்து இந்தச் சாலைகளின் முகமே மாறிவிட்டது. ஒரு காலத்தில் வயல் தகராறும் ஆடு திருட்டும் பார்த்த நிலையங்களில் இன்று நிலம், கண்டெய்னர் லாரி, கம்பெனிக் கழிவுச் சரக்கு, தொழிலாளர் தகராறு என்று வழக்குகள். யாரும் கேட்காத இடங்களுக்கு மவுசு வந்தால், மாறுதலுக்கும் மவுசு வரும். எல்லைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனியானது. 2022-ல் தாம்பரம், ஆவடி ஆணையரகங்கள் வந்தன. நமக்கு அது ரேஷன் கார்டில் முகவரி மாற்றம். காவலருக்கு ஒவ்வொரு கோடும் அவர் எந்தப் பட்டியலில் எத்தனையாவது பெயர் என்ற கேள்வி.

அந்த அண்ணனைப் பற்றி மீதியைச் சொல்லிவிடுகிறேன். போன பணிமூப்பு போனதுதான். ஆனால் வருஷக் கணக்கில் உயர்வு என்ற ஏற்பாடு வந்தபோது அவருடைய சேர்ந்த தேதியை யாரும் அழிக்க முடியவில்லை. நான் அப்போது அதே பிரிவில் கண்காணிப்பாளர். அவர் பணிப்பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நான் தட்டச்சு செய்த இரண்டு ஆணைகளும் ஒட்டியிருந்தன, காகிதம் பழுப்பேறியிருந்தது. கணக்கைக் கூட்டினேன், சரியாக வந்தது. ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கும்போது அவர் தோளிலும் நட்சத்திரம் ஏறியது. அம்மா பார்க்க இல்லை.

ஆணையை வாங்க வந்தவர் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல நிர்வாக நலன்னு எங்கயும் இல்லையே?"

"இல்ல அண்ணே, இது உங்க வருஷம்" என்றேன். சிரித்தார்.

தெருக்கோடிப் பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. லட்டைத் தின்றுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன். "உன் பணிப்பதிவேட்டை வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல போய்ப் பாருப்பா. சேர்ந்த தேதி சரியா இருக்கான்னு பாரு. எங்கயாவது சொந்த விருப்பம்னு கையெழுத்துப் போடச் சொன்னா, முதல்ல என்கிட்ட வந்து கேளு." தலையாட்டினான். திங்கட்கிழமை விடியற்காலை, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பையன்களோடு அவனும் பெட்டியோடு நின்றிருந்தான். ஆவடிக்குப் போகிறான்.